நம்பி வேலை கொடுக்க ஒரு மிஸ்திரி: சாணக்யபுரிவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

தில்லியில் மிஸ்திரிகளுக்குப் பஞ்சமில்லை. சொன்ன நாளில் வந்து, பேசிய தொகைக்கு, பேசிய வேலையை முடித்துக் கொடுப்பவர்களுக்குத்தான் பஞ்சம். சாணக்யபுரி என்று முகவரி சொன்னதுமே கூலியைக் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. நல்ல ஆளைத் தேடிப் பிடிப்பது பாதி வேலைதான். அவர் நழுவ முடியாதபடி வேலையை வரையறுப்பது மீதிப் பாதி.

1. வீடு யாருடையது?

சத்ய மார்க், வினய் மார்க் பக்கம் அரசுக் குடியிருப்பில் இருப்பவர்கள் முதலில் மத்தியப் பொதுப்பணித் துறையின் சேவை மையத்தில் புகாரைப் பதிந்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தச் செலவில் செய்வதானாலும் அனுமதியில்லாமல் சுவரில் கை வைக்க வேண்டாம். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

2. எப்போது தொடங்குவது?

தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் கொத்தனார்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் வரும் நேரம் காற்று மாசு உச்சத்துக்குப் போயிருக்கும். காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் வரும், காற்று மாசுக்கான மூன்றாம் கட்டக் கட்டுப்பாட்டில் இடிப்பதும் செங்கல் வேலையும் பெயின்ட், பாலிஷும் நின்றுவிடும். பிளம்பிங், மின்சாரம், தச்சுவேலை நடக்கலாம். ஆகவே தூசு கிளப்பும் வேலைகளை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.

3. ஆளை எங்கே தேடுவது?

லேபர் சௌக்கில் கிடைப்பவர்கள் தினக்கூலிக்காரர்கள். மண் அள்ள, மூட்டை தூக்கச் சரி. குளியலறையை ஒப்படைக்க அது இடமில்லை. கோட்லா முபாரக்பூரின் கட்டுமானப் பொருள் கடைக்காரர்கள் ஆள் சொல்வார்கள். ஆனால் கடைக்கும் மிஸ்திரிக்கும் கமிஷன் உறவு இருக்கலாம் என்பது நினைவிருக்கட்டும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வேலையைப் பார்ப்பதே மேல். அக்கம்பக்கத்தில் போன வருடம் வேலை செய்வித்தவர்களின் வீட்டுக்குப் போய், குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த மிஸ்திரியிடம் முதலில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். எத்தனை மணிக்கு வருகிறார், முடித்ததும் கூட்டிப் பெருக்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

4. என்ன எழுதிக்கொள்வது?

ஒரு பக்கம் போதும், இந்தியில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா? சதுர அடிக் கணக்கில் கதவு, ஜன்னல் கழியுமா? மல்பாவை, அதாவது இடிபாடுகளை, அள்ளிப் போவது யார் செலவு? எந்த பிராண்ட் குழாய், வயர்? இந்த நான்கில்தான் சண்டை வரும். பேச்சில் இல்லாத கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே விலை பேசாமல் பணம் இல்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

5. பணம் எப்படிக் கொடுப்பது?

முன்பணம் இருபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நாள் கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலைக்கு ஏற்பக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதம் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான்.

6. எதைச் சோதிப்பது?

சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைத் திருப்பி அனுப்புங்கள். குழாய்களை மூடுமுன் அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுமுன், வடிகால் துளையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறியுங்கள். ஒரு நாள் கழித்து மட்டம் நன்றாக இறங்கியிருந்தாலோ கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ பூச்சை மறுபடி செய்யச் சொல்லுங்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றொலி வருவதை இடுக்குப் பூச்சுக்கு முன்பே பெயர்த்து ஒட்டச் சொல்லுங்கள்.

7. தகராறு வந்தால்?

பக்கா பில் தரும் தேக்கேதார், அதாவது ஒப்பந்தக்காரர், என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. தனி ஆளாக வரும் மிஸ்திரியிடம் இதெல்லாம் நடைமுறையில் எடுபடாது. அங்கே உங்கள் கையில் உள்ள பத்து சதவீதம்தான் வழக்கும் தீர்ப்பும்.

ஒன்று மட்டும்: வேலை சரியாக இருந்தால் அந்தப் பத்து சதவீதத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மிஸ்திரிகளும் நம்பகமான வீட்டுக்காரர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.