பனாமாக் கால்வாய்ச் செலவு

'செலவு' என்னும் சொல்லை இன்று நாம் பொருளைச் செலவிடுதல் என்னும் கருத்திலேயே பெரிதும் வழங்குகின்றோம். பண்டைத் தமிழில் இச்சொல் பயணம் என்னும் பொருளிலும் வழங்கிற்று. ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்குச் செல்லுதலும் செலவு. கையிலுள்ள பொருள் நம்மை விட்டுச் செல்லுதலும் செலவு. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் பயணம் ஒன்றனை இப்பாடத்திற் காண்போம். அது பனாமாக் கால்வாய் வழியாகக் கப்பலிற் செல்லும் பயணம்.

மாணவர்களே! உலகப் படத்தை விரித்து நோக்குங்கள். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் நிலம் பனாமா நாட்டில் ஒரு நாடாவைப் போலக் குறுகி நிற்கின்றது. அதன் ஒருபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். மறுபுறம் பசிபிக் பெருங்கடல். 1914ஆம் ஆண்டிற்கு முன்னர் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவிற்குச் செல்லும் கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. புயலும் பனியும் மிகுந்த வழி அது. கால்வாய் திறக்கப்பட்டபின் அவ்வழியில் ஏறக்குறைய 12,500 கிலோமீட்டர் குறைந்தது. கால்வாயின் நீளமோ 80 கிலோமீட்டர் அளவே.

இக்கால்வாயைக் காண்பதற்கென்றே இந்நாளில் குடும்பம் குடும்பமாகப் பலர் உல்லாசக் கப்பல்களிற் செல்கின்றனர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் குடும்பம் ஒன்றை மனத்திற் கொள்வோம். தந்தை, தாய், பதினேழு வயது மகள், பதினான்கு வயது மகன் ஆகிய நால்வரும் ஓர் இரவு மேசையைச் சுற்றி அமர்ந்து, இப்பயணத்தைப் பற்றி ஆராய்கின்றனர் என்க. வளர்ந்த மக்களுடன் செல்லும் பயணத்தை அம்மக்களையும் கலந்தே வகுத்தல் வேண்டும். சிறு குழந்தையை எங்கும் எடுத்துச் செல்லலாம். வளர்ந்த பிள்ளையையோ அவன் உள்ளத்தையும் உடன்கொண்டு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

முதலில் ஆராயத்தக்கது வழி. கால்வாய் முழுவதையும் கடந்து ஒரு கடலினின்று மறுகடலுக்குச் செல்லும் கப்பல்கள் உள்ளன. புளோரிடாவிற் புறப்பட்டுக் கலிபோர்னியாக் கரையை அடைய இவற்றிற்கு இரண்டு வாரமோ அதனினும் மிகுதியாகவோ ஆகும். திரும்பி வருதற்கு வானூர்தி வேண்டும். வேறு சில கப்பல்கள் அட்லாண்டிக் பக்கத்து வாயிலில் ஏறி, இடையிலுள்ள ஏரியை அடைந்து, வந்த வழியே மீளும். இப்பயணம் பத்து அல்லது பதினொரு நாளில் முடியும். ஆயினும் மலையைப் பிளந்த இடத்தையும், பசிபிக் பக்கத்து வாயில்களையும் இவற்றிற் செல்வோர் கப்பலில் இருந்தவாறே காண இயலாது. அக்குறையை நீக்கவும் வழியுண்டு. கப்பல் ஏரியில் நிற்கும்போது கரையில் இறங்கி, சிறு கலம் ஒன்றில் ஏறி எஞ்சிய பகுதியையும் கண்டு மீளலாம்.

அடுத்து ஆராயத்தக்கது காலம். உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இவ்வழியே செல்லும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை அந்நாட்டில் மழை குறைவு. பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறையும் இளவேனில் விடுமுறையும் இப்பருவத்துள் அடங்குமாயினும், அவை ஒன்றிரண்டு வாரத்திற்கு மேல் நீள்வதில்லை. ஆகவே நம் குடும்பத்தார், மக்களின் கல்விக்கு இடையூறு நேராதவாறு, குறுகிய பயணத்தையே தேர்ந்து, சிறு கலத்திற் செல்லுதற்கும் முன்னரே இடம் பதிவு செய்கின்றனர். கடவுச்சீட்டு, மருத்துவரின் அறிவுரை, கொசுவினின்று காத்துக்கொள்ளும் மருந்து, வெயிலுக்குத் தொப்பி, தொலைநோக்கி ஆகியவற்றிற்கு மகள் பட்டியல் எழுதுகின்றாள்.

பொருளும் காலமும் வகுத்தாயிற்று. இனி வகுக்க வேண்டியது யாது? தாய் கூறுகின்றாள்: "கால்வாயைக் கண்ணாற் காண்பதற்குக் கட்டணம் செலுத்திவிட்டோம். அதனை அறிவாற் காண்பதற்கு என்ன செய்யப் போகின்றோம்?" இவ்வினாவே இப்பயணத்தின் உயிர். அதற்கு விடையாகக் குடும்பத்தார் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். மகன் நீரின் இயக்கத்தைப் பயில்கின்றான். மகள் வரலாற்றைப் பயில்கின்றாள். அவர்கள் பயின்றவற்றை நாமும் பயில்வோம்.

கால்வாய் என்றவுடன், இரு கடலின் நீரும் ஒன்றோடொன்று கலக்க நேராக வெட்டிய வாய்க்கால் என நாம் நினைப்போம். சூயசுக் கால்வாய் அத்தகையது. பனாமாவில் இடையே மலைத்தொடர் உள்ளது. ஆதலின் அங்குக் கப்பலைப் படியேற்றி, மலைமேல் நடத்தி, மறுபுறம் படியிறக்குகின்றனர். சாக்ரஸ் என்னும் ஆற்றைக் குறுக்கே அணையிட்டுத் தேக்கிக் காதூன் ஏரியை ஆக்கினர். கடல் மட்டத்தினும் 26 மீட்டர் உயரத்தில் நிற்பது அவ்வேரி. கடலினின்று அதற்கு ஏறப் படிபோல் அமைந்த மூன்று பெருந்தொட்டிகள் உள்ளன. இவற்றை 'லாக்' என வழங்குவர். நாம் நீர்ப்படி என்போம்.

கப்பல் முதற்படியினுள் நுழைந்ததும் பின்னுள்ள கதவுகள் மூடும். மேலிருக்கும் நீர் அடித்தளத்துத் துளைகளின் வழியே உள்ளே பாயும். பத்து நிமிட அளவில் அம்மாபெருங் கப்பல் ஒரு மரக்கட்டைபோல் மேலெழும். முன்கதவு திறக்கும், கப்பல் அடுத்த படியை அடையும். இதற்கு நீரிறைக்கும் பொறி யாதும் இல்லை. மேலுள்ள நீர் கீழ்நோக்கிப் பாயும் இயல்பு ஒன்றே போதுமானது. பழைய நீர்ப்படி ஒவ்வொன்றும் 305 மீட்டர் நீளமும் 33½ மீட்டர் அகலமும் உடையது. இருபுறமும் தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டிகள் கம்பிவடங்களால் கப்பலைச் சுவரில் மோதாமல் நடுவே நிறுத்தும். அவ்வண்டிகளைக் 'கோவேறு கழுதைகள்' என்று அங்குள்ளார் வேடிக்கையாக அழைக்கின்றனர். இவற்றினும் பெரிய நீர்ப்படிகள் 2016ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் திறக்கப்பட்டன. அவற்றில் மின்வண்டிகளுக்கு மாறாக இழுவைக் கப்பல்கள் அப்பணியைச் செய்கின்றன.

ஏரியைக் கடந்தால் மலையைப் பிளந்த குலேப்ரா வெட்டு. அதற்கப்பால் ஒரு படியும், பின்னர் இரண்டு படிகளும் இறங்கினால் பசிபிக் கடல். முழுவதையும் கடக்க எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். கால்வாயின் வழிகாட்டி மாலுமி கப்பலில் ஏறியதும், மீகாமன் தன் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தல் இங்குள்ள வழக்கம்.

மகன் படத்தைப் பார்த்து வியந்து ஒன்றைக் கூறுகின்றான். அட்லாண்டிக் கிழக்கே உள்ளது. பசிபிக் மேற்கே உள்ளது. ஆயினும் அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்கிற்குச் செல்லும் கப்பல், புறப்பட்ட இடத்தினும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கிழக்கே சென்று வெளிப்படுகின்றது! அந்நிலம் அங்கே வளைந்து கிடத்தலே இதற்குக் காரணம். பனாமா நகரில் நிற்போர் பசிபிக் கடலின்மேற் கதிரவன் எழக் காண்பர். படத்தை முன்னரே பயிலாதவர்க்கு இவ்வியப்புத் தோன்றுமோ?

இனி மகள் பயின்ற வரலாற்றிற்கு வருவோம். 1869இல் சூயசுக் கால்வாயை முடித்துப் புகழ் பெற்றவர் பெர்டினாண்டு டி லெசப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் தலைமையில் அமைந்த நிறுவனம் 1881இல் பனாமாவில் வேலையைத் தொடங்கியது. பாலைமணலில் வென்ற முறையே மழைக்காட்டிலும் வெல்லும் எனக் கருதிக் கடல் மட்டத்திலேயே வெட்ட முனைந்தனர். மண் சரிந்தது, மழை பெருகியது, மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் தொழிலாளரைக் கொண்டு சென்றன. 1889இல் நிறுவனம் வீழ்ந்தது. அதற்குள் ஏறக்குறைய 22,000 பேர் மாண்டனர் எனக் கணிப்பர்.

அந்நோய்களைப் பரப்புவது கொசு என்பதை அன்று அங்கிருந்தோர் அறிந்திலர். மருத்துவமனையில் எறும்பு ஏறாதிருக்கும் பொருட்டுக் கட்டிற்கால்களின் கீழ் நீர்க்கிண்ணங்களை வைத்தனர். அந்நீரிலேயே கொசுக்கள் பெருகின! நோய் தீர்க்கும் இடமே நோய் வளர்க்கும் இடமாயிற்று. அறியாமை நல்லெண்ணத்தோடு கூடினும் தீமையே பயக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மஞ்சட் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881இல் கூறினார். உலகம் அதனை ஏற்கவில்லை. 1900இல் வால்டர் ரீடு தலைமையில் அமைந்த குழு அதனை மெய்ப்பித்தது. மலேரியாவின் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்தார். அவர் அதனைக் கண்டது நம் நாட்டுச் செகந்தராபாதில் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும். 1904இல் அமெரிக்க அரசு கால்வாய் வேலையை மேற்கொண்டபோது, கார்காஸ் என்னும் மருத்துவர் இவ்வறிவைக் கருவியாகக் கொண்டார். தேங்கிய நீரை வடித்தார். குட்டையில் எண்ணெய் தெளித்தார். சாளரங்களுக்கு வலை அடித்தார். ஈராண்டிற்குள் மஞ்சட் காய்ச்சல் அங்கு ஒழிந்தது. அதன் பின்னரே மலை பிளந்தது.

பிளந்தவர் யாவர்? பொறியாளர் ஸ்டீவன்ஸ், கோதல்ஸ் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மண்வெட்டி பிடித்தவருட் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள். பார்படோஸ் என்னும் சிறு தீவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 20,000 பேர் சென்றனர். வெள்ளையர்க்குப் பொற்காசிலும் இவர்க்கு வெள்ளிக்காசிலும் கூலி தரப்பட்டது. அதனால் எழுந்த 'பொற்பட்டியல்', 'வெள்ளிப்பட்டியல்' என்னும் பிரிவு, உண்ணும் இடம், உறையும் இடம், பயிலும் பள்ளி ஆகிய அனைத்திலும் சுவராய் எழுந்தது. வெடி வெடித்தும் மண் சரிந்தும் நோயுற்றும் அமெரிக்கர் காலத்தில் மாண்டவர் 5,609 பேர் என்பது பதிவு. அவருள் ஏறக்குறைய 4,500 பேர் இத்தீவினரே. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் 'ஆங்கான்' என்னும் கப்பல் கடந்து செல்லக் கால்வாய் திறக்கப்பட்டது.

கால்வாய் பனாமா நாட்டில் இருப்பினும் அதன் இருகரையும் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தன. 1964ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் பனாமாவின் பள்ளி மாணவர் சிலர் தம் நாட்டுக் கொடியை அங்கு ஏற்றச் சென்றனர். கொடி கிழிந்தது, கலகம் மூண்டது, இருபதுக்கும் மேற்பட்ட பனாமா மக்கள் உயிரிழந்தனர். 1977இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1999ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கால்வாய் முழுவதும் பனாமாவின் கைக்கு வந்தது. கொடி ஏந்திச் சென்றவர் தன் வயதினர் என்பதை எண்ணி மகள் சிறிது நேரம் பேசாதிருக்கின்றாள்.

இன்னும் ஒன்று உண்டு. ஒரு கப்பல் கடக்குந்தோறும் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் ஏரியினின்று கடலுக்குச் செல்கின்றது. அந்நாட்டு மக்களிற் பாதியளவினர்க்குக் குடிநீர் தருவனவும் இக்கால்வாயின் ஏரிகளே. 2023இல் மழை குறைந்து ஏரி தாழ்ந்தது. நாளொன்றுக்கு 36 அளவிற் சென்ற கப்பல்களின் தொகை, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 24 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. புதிய நீர்ப்படிகளில் ஒருமுறை பயன்பட்ட நீரிற் பெரும்பகுதியைத் தேக்கி மீண்டும் பயன்படுத்துகின்றனர். எத்துணைப் பெரிய பொறியும் வான்மழையை நோக்கியே வாழ்கின்றது.

இவற்றையெல்லாம் கற்ற பின்னர் அக்குடும்பம் தன் திட்டத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்கின்றது. பயண நாளில் விடியுமுன் எழுந்து கப்பலின் முன்தளத்தில் நிற்பது என்பது ஒன்று. முதற்படியை அணுகும் காட்சி அப்பொழுதே தொடங்கும். கடைத்தெருவிற்கென ஒதுக்கிய பொழுதையும் பொருளையும் குறைத்து, அப்பயணத்திலேயே மேற்கிந்தியத் தொழிலாளர்க்கென அமைந்த பனாமா நகரத்து அருங்காட்சியகத்தைக் காண முயல்வது என்பது மற்றொன்று. அதனை முதலிற் கூறியவன் இளையவனாகிய மகனே. "நீர் எவ்வாறு ஏறுகின்றது என்று நான் கற்றேன். அந்தத் தொட்டியைக் கட்டியவர்களைப் பற்றி அக்காள்தான் கூறினாள். அவர்களைப் பாராமல் வந்தால் பாதியே பார்த்தவர் ஆவோம்" என்கின்றான் அவன்.

மாணவர்களே! நீங்கள் பனாமாவிற்குச் செல்லாமற் போகலாம். ஆயினும் பாலம், அணை, இருப்புப்பாதை ஆகியவற்றின்மீது நாள்தோறும் செல்கின்றீர்கள். அவ்வழி ஒவ்வொன்றும் எவரோ செலுத்திய செலவினால் ஆயது. நாம் கொடுக்கும் கட்டணம் அதிற் சிறு பகுதியே; பெரும்பகுதியைப் பெயர் தெரியாத உழைப்பாளர் முன்னரே செலுத்திவிட்டனர். அதனை அறிந்து செல்லுதலே உண்மையான செலவு.

பயிற்சி

1. 'செலவு' என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை? இப்பாடத்திற்கு அவை எவ்வாறு பொருந்துகின்றன?
2. நீர்ப்படியில் கப்பல் எவ்வாறு மேலெழுகின்றது?
3. பிரெஞ்சு நிறுவனம் தோல்வியுற்றதற்குக் காரணங்கள் யாவை?
4. "அதன் பின்னரே மலை பிளந்தது" – இத்தொடரை விளக்குக.
5. உங்கள் ஊரிலுள்ள பாலம், அணை, ஏரி ஆகியவற்றுள் ஒன்று உருவான வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.