டிப்ஸிலும் கமிஷன் பிடிப்பார்கள்

"ஃபைவரில் லோகோ வரைந்து தந்தவருக்கு 10 டாலர் டிப்ஸ் கொடுத்தேன். அவர் கைக்குப் போனது 8 டாலர்தானாம். மனதாரக் கொடுத்த பணத்திலும் கை வைப்பார்களா? அடுத்த முறை நேரடியாகவே அனுப்பிவிடலாமா?" இப்படி ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது.

கை வைப்பார்கள். ஃப்ரீலான்ஸ் வேலைத் தளமான ஃபைவர் 2010இல் 5 டாலர் வேலைகளோடு தொடங்கியபோது வேலை செய்தவருக்கு 4 டாலர் கிடைத்தது. இன்று அங்கே ஆயிரம் டாலர் வேலைகளும் நடக்கின்றன. ஆனால் அந்த 20 சதவீதம் மட்டும் அசையவே இல்லை, டிப்ஸுக்கும் அதே கணக்குதான். இதே போன்ற இன்னொரு தளமான அப்வொர்க்கில் டிப்ஸுக்கு போனஸ் என்று பெயர். அதிலும் கமிஷன் உண்டு. 2025 மே முதல் அங்கே புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை பிடிக்கிறார்கள். வேலைக்கு வேலை இது மாறும்.

அமேசானின் டெலிவரி சேவையான ஃப்ளெக்ஸ் விவகாரம் சிலருக்கு நினைவு வரலாம். டிப்ஸ் முழுவதும் டிரைவர்களுக்கே என்று சொல்லிவிட்டு ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021இல் அமேசான் 6 கோடியே 17 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஃபைவர் கதை வேறு. பிடிப்போம் என்று விதிமுறையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், அதனால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனாலும் வாடிக்கையாளரைத் தேடித் தந்ததற்கான கூலியை ஆர்டரிலேயே எடுத்தாகிவிட்டது. டிப்ஸில் பணத்தைக் கைமாற்றிவிடுவதைத் தவிர அவர்கள் செய்தது என்ன? என்னைக் கேட்டால், இது கொஞ்சம் பேராசைதான்.

அதற்காக ஜிபேயிலோ பேபாலிலோ தனியாக அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே பணம் வாங்கினால் கணக்கை முடக்கலாம் என்பது இரண்டு இடத்திலும் விதி. உங்களுக்குப் போவது ஒரு லாகின். அவருக்கோ பல வருஷம் சேர்த்த ரிவ்யூவும் ரேட்டிங்கும் ஒரே நாளில் போய்விடும். நீங்கள் கொடுக்கும் 10 டாலருக்கு அவர் அவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

ஃபைவரில் அவர் கையில் 10 டாலர் முழுதாகச் சேர வேண்டுமா? பலரும் 20 சதவீதம் கூட்டி 12 டாலர் கொடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். 12இல் 20 சதவீதம் போனால் மிச்சம் 9.60தான். 10ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்: 12.50 வரும். அதற்கு மேல் வங்கிக்கு மாற்றும் கட்டணமும் டாலரை ரூபாயாக்கும்போது குறையும் தொகையும் அவர் பாடு. அதையெல்லாம் நீங்கள் ஈடுகட்டிக்கொண்டிருக்க முடியாது.

டிப்ஸே கட்டாயமில்லை. பேசிய வேலைக்குப் பேசிய பணம் கொடுத்தாலே போதும். என்ன வேலை, எதில் அசத்தினார் என்று விவரமாக நான்கு வரி ரிவ்யூ எழுதினால் அதைப் பார்த்து அடுத்த ஆர்டர் வரும். அதற்கு யாரும் கமிஷன் பிடிப்பதில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "விசிட்டிங் கார்டுக்கும் ஒன்று போட்டுக் கொடுங்கள், டிப்ஸில் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூடுதல் வேலை வாங்காதீர்கள். கூடுதல் வேலையை ஆர்டரிலேயே விலை போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கமிஷன் அதிலும் போகும்தான். ஆனால் அது அவருக்குச் சேர வேண்டிய கூலி, உங்கள் தயவு இல்லை.

வேலை செய்து தருபவர்களுக்கும் இரண்டு வார்த்தை. டிப்ஸ் கேட்டு மெசேஜ் போடாதீர்கள், ஜாடையாகக்கூட வேண்டாம். டிப்ஸை நம்பி விலையைக் குறைக்கவும் வேண்டாம். ஃபைவரில் 100 டாலர் கையில் வேண்டுமென்றால் 125 என்று விலை போடுங்கள். வந்த டிப்ஸும் வருமானம்தான், வரிக் கணக்கில் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் 8 டாலர் வரவு என்று எழுதாமல், 10 டாலர் வரவு, 2 டாலர் கமிஷன் செலவு என்று எழுதிவையுங்கள். தளம் தரும் ஸ்டேட்மென்ட்டையும் மாதாமாதம் இறக்கி வைத்துக்கொண்டால், ஆடிட்டர் கேட்கும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.