கூரைக் கான்கிரீட் ஏன் உதிர்கிறது?

எங்கள் ஊர்த் தொகுப்பு வீடுகளில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவது வழக்கமான காட்சி. கொத்தனாரை அழைத்துப் பூசுகிறோம். இரண்டு மழைக்காலத்தில் மீண்டும் விழுகிறது. காரணம் என்ன?

புதிய கான்கிரீட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு கடுங்காரத் தன்மையுடையது, பி.எச். மதிப்பு 12-க்கு மேல். அந்நிலையில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் அமைந்து துருவைத் தடுக்கிறது. நாளடைவில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே புகுந்து அதனைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். ஏறத்தாழ 9-ஆகக் குறைய, படலம் அழிகிறது. நீர் கசிந்தால் துருப்பிடிக்கிறது. துருவானது இரும்பைவிட இரு மடங்குக்கு மேல் இடம் கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

ஆகவே, மேற்பூச்சு நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. முதலில் மாடியின் நீர்க்கசிவை நிறுத்த வேண்டும். பின்னர் கூரைக்கு முட்டுக் கொடுத்து, சுத்தியால் தட்டினால் வெற்றோசை எழும் பகுதிகளைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சிட்டு, செறிவான சிமெண்டுக் கலவையால் நிரப்பி, ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். கம்பி மெலிந்திருப்பின், பொறியாளர் பார்க்கும்வரை அதனடியில் எவரும் உறங்கலாகாது.

வகுப்பில் நாம் கற்கும் பி.எச்., நம்மைப் படிக்க அனுப்பிய பெற்றோர் உறங்கும் கூரையையும் காக்கட்டும்!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)