கோமாளி மீனுக்கு ஒரு புது வீடு

ஆரஞ்சு நிற உடல், அதன்மேல் மூன்று வெள்ளைப் பட்டைகள், பட்டைகளின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. சாயம் பூசிய சர்க்கஸ் கோமாளியை நினைவூட்டும் இச்சிறு மீனுக்குக் கோமாளி மீன் என்ற பெயர் பொருத்தமானதே. இந்து மகாசமுத்திரத்தின் கிழக்கிலும் பசிபிக் மகாசமுத்திரத்தின் மேற்கிலும் உள்ள பவளப் பாறைகளில், கடல் சாமந்தியின் கொட்டும் உணர்கொம்புகளுக்கிடையே இது வாழ்கிறது.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்போர் பலர் முதலில் வாங்குவது இதன் குஞ்சுகளைத்தான். ஆனால், நீர் பளிங்குபோல் இருந்தும், தீனி தவறாமல் போட்டும், சில வீடுகளில் குஞ்சுகள் ஒரு வாரத்திற்குள் இறந்துவிடுகின்றன. ஏன்? தெளிவான நீர் வேறு, பாதுகாப்பான நீர் வேறு. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் குஞ்சுகளைக் காப்பாற்றலாம்.

உப்பைக் கரைத்தால் கடலாகுமா?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. 100 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு தேவை? கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்றரைக் கிலோ. இதற்குச் சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமன்றி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகளும் கலந்துள்ளன. எனவே மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை, குளோரின் நீக்கிய நீரில் கரைக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருக்கட்டும்.

சில நாட்களில் நீர்மட்டம் குறையும். அப்போது உப்புநீரை ஊற்றுவீர்களா, நன்னீரை ஊற்றுவீர்களா? ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பளத்தில் உப்பு விளைவதும் இதே காரணத்தால்தானே!

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

மீன் தன் செவுள்கள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. பரந்த கடலில் அது கலந்து நீர்த்துப்போகும். சிறு தொட்டியிலோ தேங்கி நின்று, செவுள்களைப் புண்ணாக்கி, மீனைக் கொன்றுவிடும். அதற்கு நிறமில்லை, ஆதலால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இந்த நஞ்சை நீக்குபவை பாக்டீரியாக்கள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. அவ்வப்போது ஒரு பகுதி நீரை மாற்றினால் அதுவும் கட்டுக்குள் இருக்கும்.

இவை மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் போதிய அளவு பெருக, பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடக் கூடாது. வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டு வாருங்கள். சோதனைக் கரைசல் கொண்டு பார்த்தால், முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே வீடு தயார்.

பைக்குள் ஒரு வேதியியல் பாடம்

குஞ்சுகள் பிராணவாயு நிரப்பிய பாலித்தீன் பையில் வந்து சேரும். வழிநெடுக அவை சுவாசித்ததால் பையிலுள்ள நீரில் கரியமில வாயு கூடியிருக்கும். அதனால் நீரின் பி.எச். அளவு குறையும். இந்நிலையில், பையில் சேர்ந்த அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்னும் தீங்கு குறைந்த அயனியாக இருக்கும்.

பையைத் திறந்தால் என்ன ஆகும்? கரியமில வாயு வெளியேறும், பி.எச். உயரும், அம்மோனியம் மீண்டும் அம்மோனியாவாக மாறும். பி.எச். ஓர் அலகு உயர்ந்தால் நச்சு வடிவிலுள்ள பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. எனவே நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக் காத்திருப்பது ஆபத்து.

அப்படியானால் என்ன செய்வது? விற்பவர் தொட்டியின் ஒப்படர்த்தியை முன்கூட்டியே கேட்டறிந்து, உங்கள் தொட்டியையும் அதே அளவில் வையுங்கள். வேறுபாடு இருந்தால், பின்னர் சில நாட்களில் சிறிது சிறிதாகச் சரிசெய்யலாம். பையைத் திறக்காமலே தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகிவிடும். பிறகு பையைத் திறந்து, குஞ்சுகளை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

முதல் சில நாட்கள்

முதல் நாள் விளக்கை அணைத்து வையுங்கள். குஞ்சுகள் ஒரு மூலையில் ஒதுங்கி, இருந்த இடத்திலேயே உடலை நெளித்து நெளித்து நீந்தலாம். பயப்பட வேண்டாம், கோமாளி மீன் நீந்தும் விதமே அது. முதல் நாள் தின்னாமலும் இருக்கலாம். அதற்காகத் தீனியைக் கொட்டினால் மீண்டும் அம்மோனியாதான் பெருகும். ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலின் குஞ்சுகளை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவுக்கே கொடுங்கள். மூச்சு மிக வேகமாக வாங்கினாலோ, உடலில் வெண்படலம் கண்டாலோ உடனே நீரைச் சோதியுங்கள்; அனுபவமுள்ளவர்களைக் கேளுங்கள்.

கடல் சாமந்தி கட்டாயம் வேண்டுமா? வேண்டியதில்லை. அது வலுவான ஒளியும், நன்கு பழகிய தொட்டியும் கேட்கும் உயிர். தொட்டியில் கோமாளி மீன் அதன் துணையின்றியே நலமாக வாழும்.

இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டால் ஒரு வியப்பைக் காணலாம். கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. இரண்டில் பெரியதாக வளர்ந்து ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறிவிடுகிறது! ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகியோர் இந்தப் பால்மாற்றத்தைப் பற்றிய தம் ஆய்வை 1977-ல் வெளியிட்டனர். சிறியது பெரியதன் முன்னால் உடலை நடுக்கிக் காட்டினால் அது நோயன்று, பணிவின் அடையாளம்.

வாங்கும்போது, பவளப் பாறையிலிருந்து பிடித்த மீனைத் தவிர்த்து, பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகளையே கேளுங்கள். நம் நாட்டிலும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்துள்ளது. நல்ல பராமரிப்பில் கோமாளி மீன் 20 ஆண்டுகள்கூட வாழ முடியும். அத்தனை ஆண்டுக்கால வாழ்வுக்காக ஆறு வாரம் பொறுத்திருப்பது பெரிதா, நீங்களே சொல்லுங்கள்!