கடலடிக் கேமராவுடன் விமானப் பயணம்: பையைத் தேர்ந்தெடுக்க எக்ஸெல் உதவும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்பது, "எக்ஸெல் ஆபீஸ் வேலைக்குத்தானே? வீட்டில் எதற்கு?" என்பதுதான். எனக்கு அது பயன்பட்ட ஓர் இடத்தை இங்கே சொல்கிறேன். கடலுக்கு அடியில் படம் எடுக்கும் கேமராவை விமானத்தில் கொண்டு செல்ல ஏற்ற பையைத் தேர்ந்தெடுக்கும் வேலை அது. நீங்கள் கடலில் இறங்காதவராக இருந்தாலும், லேப்டாப், பவர் பேங்க், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுடன் விமானம் ஏறுபவர் என்றால் இந்தப் பாடம் உங்களுக்கும் உதவும்.

நான் செய்த தவறு

2023ல் அப்பாவுடன் அந்தமான் சென்றேன். சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜய புரம்). அங்கிருந்து கப்பலில், ஹேவ்லாக் என்று பலரும் அழைக்கும் சுவராஜ் தீவு. அப்பா பயிற்சியாளரின் கையைப் பிடித்தபடி வாழ்க்கையில் முதல் முறையாகக் கடலுக்கு அடியில் இறங்கினார். டைவிங் பயிற்சி முடித்தவன் என்பதால் நானும் கூடவே இறங்கிப் படம் எடுத்தேன். இரவில் லேப்டாப் மூலம் படங்களை எல்லாம் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கிற்கு மாற்றிவிட்டு, மெமரி கார்டை பார்மட் செய்தேன்.

திரும்பும்போது விமான நிலையத்தில் என் கைப்பை 11 கிலோ காட்டியது. அனுமதி 7 கிலோ. பின்னால் நீண்ட வரிசை. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் பெரிய பெட்டியில் திணித்தேன். அதில் ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. வீட்டில் கம்ப்யூட்டருடன் இணைத்தபோது டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டுமே வந்தது. படம் ஒன்றும் வரவில்லை. அடுத்த ஆண்டு அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி டைவிங் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் படங்களை மீண்டும் எடுக்க வழியில்லை.

யோசித்துப் பார்த்தால் தவறு பையில் தொடங்கியது. அழகாக இருக்கிறதே என்று முதலில் பையை வாங்கி, பிறகு பொருட்களை அடைத்தேன். காலியாகவே அது 4 கிலோ! முதலில் பட்டியல், கடைசியில் பை என்பதே சரியான வரிசை.

பட்டியல் தயாரித்தல்

1. எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் பொருள், எடை (கிராம்), வோல்ட், எம்.ஏ.எச்., வாட் அவர், எந்தப் பை என ஆறு தலைப்புகளை டைப் செய்திடவும்.

2. ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைப் பதியவும். சார்ஜர், கேபிள் எதையும் விட வேண்டாம்.

3. பேட்டரிகளுக்கு, அவற்றின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட், எம்.ஏ.எச். எண்களைப் பதியவும். பின்னர் வாட் அவர் கட்டத்தில் = அடையாளத்தைத் தட்டி, வோல்ட் கட்டத்தில் கிளிக் செய்து, * தட்டி, எம்.ஏ.எச். கட்டத்தில் கிளிக் செய்து, /1000 என டைப் செய்து என்டர் தட்டவும்.

4. கடைசிக் கட்டத்தில் 'கை' அல்லது 'பெட்டி' என எழுதவும்.

5. தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் உள்ள பில்டர் பட்டனில் கிளிக் செய்திடவும். 'எந்தப் பை' அருகே தோன்றும் அம்புக்குறியை அழுத்தி 'கை' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கவும். இப்போது எடைக் கட்டங்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், மொத்த எடை விண்டோவின் கீழ்ப்பகுதியில் உள்ள பட்டையில் தெரியும்.

பேட்டரி விதிகள்

தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 100 வாட் அவர் வரை இருந்தால் முன் அனுமதி வேண்டாம். 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை, அதிகபட்சம் இரண்டு. 160க்கு மேல் கொண்டு செல்ல முடியாது. என் ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவின் பேட்டரி 3.6 வோல்ட், 1350 எம்.ஏ.எச்.; அதாவது 4.86 வாட் அவர்தான். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கிற்கு 3.7 வோல்ட் என்று கணக்கிட 74 வரும். அதன் மேல் உள்ள 5 வோல்ட் என்பது வெளியே தரும் மின்சாரத்திற்கானது. அதை எடுக்க வேண்டாம். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

அதிக வெளிச்சம் தரும் கடலடி விளக்கு தற்செயலாக எரிந்தால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். எனவே அதிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைக்கவும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதியும் பெற வேண்டும்.

எது எங்கே?

கேமரா, மெமரி கார்டு, லேப்டாப், ஹார்ட் டிஸ்க், பேட்டரிகள் கைப்பைக்கு. துடுப்புக் காலணி, டைவிங் உடை, விளக்கு பொருத்தும் கைகள், கத்தி, ஸ்குரூ டிரைவர் பெட்டிக்கு. டைவிங் உடையையே மெத்தைபோலச் சுற்றிவிடலாம்.

கேமராவை மூடும் நீர்புகா உறையான ஹவுசிங்கை இறுக மூடி எடுத்துச் செல்லாதீர்கள். பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ளும்; இறங்கியபின் திறக்க முடியாமலும் போகலாம். ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனி உறையில் வைத்துவிடுங்கள்.

இப்போது பை

என் பட்டியலில் கைப்பைக்கான மொத்தம் 4,300 கிராம். 7,000ல் கழித்தால் மீதி 2,700. இதற்குள் பையின் எடை இருக்க வேண்டும். பெலிகன் 1510 போன்ற கடினப் பெட்டிகள் உறுதியானவை. ஆனால் காலியாகவே 5 கிலோவுக்கு மேல். எனவே 1,200 கிராம் எடையுள்ள சாதாரண முதுகுப் பையும், உள்ளே வைக்கப் பஞ்சுத் தடுப்புகளும் வாங்கினேன். கப்பல் துறையில் சக்கரப் பையைவிட முதுகுப் பையே வசதி. அளவையும் பாருங்கள், 55 x 35 x 25 செ.மீ. பல நிறுவனங்களின் வரம்பு. எடையும் அளவும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும் என்பதால் உங்கள் டிக்கெட்டைப் படித்துவிடுங்கள்.

படங்களுக்கு இரண்டு பிரதிகள்

பல நாள் டைவிங் செய்தவர்கள் கடைசி டைவிற்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. கேமராவைக் கழுவி உலர்த்தவும் படங்களை நகல் எடுக்கவும் இந்த நேரம் போதும். கட் செய்யாமல் காப்பி மட்டும் செய்திடவும். இரு போல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் மூலம் பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக உள்ளதா எனப் பார்க்கவும். வீடு வந்து சேரும்வரை மெமரி கார்டை பார்மட் செய்ய வேண்டாம். கார்டு உங்கள் சட்டைப் பையில், ஹார்ட் டிஸ்க் உடன் வருபவரின் கைப்பையில் இருக்கட்டும்.

சென்ற முறை மீண்டும் அந்தமான் போனபோது அப்பா கரையில் உட்கார்ந்திருந்தார். ஹார்ட் டிஸ்க் அவருடைய பையில் வந்தது. படங்கள் எல்லாம் பத்திரம். நீங்களும் பட்டியலை சேவ் செய்து வையுங்கள். அடுத்த பயணத்தின்போது 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதிய பெயர் இட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.