கேம் ரசிகர் பொருள்கள் விற்க ஆசையா? டிரேட்மார்க், காப்பிரைட்: தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

2015இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போக்கிமான் ரசிகர் ஒருவர், அங்கே நடக்கும் பாக்ஸ் கேம் திருவிழாவையொட்டி ஒரு கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். கட்டணம் 2 டாலர். சுவரொட்டியில் போக்கிமான் பாத்திரமான பிக்காச்சு இருந்தது. போக்கிமான் நிறுவனம் வழக்குப் போட்டது; கொண்டாட்டம் ரத்தானது. கடைசியில் 5,400 டாலர் கட்டுவதாக ஒப்புக்கொண்டுதான் அவர் வெளியே வந்தார்.

அவர் விற்றது நுழைவுச்சீட்டு. டீசர்ட்டும் கீசெயினும் ஸ்டிக்கரும் போடப்போகும் நீங்கள் விற்பது பிக்காச்சுவையே. ஆகவே டீசர்ட்டில் படம் பதிக்கும் ஹீட் பிரஸ் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

படி 1: எதெல்லாம் யாருடையது?

ஒரு காபி மக்கில் மரியோ படமும் பெயரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு உரிமைகள் அடங்கியிருக்கின்றன. படம், இசை, வசனம், பாத்திரத்தின் தோற்றம் ஆகியவை காப்பிரைட், அதாவது பதிப்புரிமை. படைத்த கணமே அது வந்துவிடும், பதிவு தேவையில்லை. பெயர், லோகோ, சின்னம் ஆகியவை டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்னம். இந்தப் பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று வாங்குபவருக்குச் சொல்வது அதன் வேலை. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவே கிடையாது.

பழைய கேம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் தப்புக்கணக்கு. 1980இல் வந்த பேக்-மேன்கூட இன்னும் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது.

யோசனைக்கு மட்டும் உரிமை கிடையாது. மேலிருந்து கட்டைகள் விழும் ஆட்டம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் டெட்ரிஸ் கட்டைகளின் வடிவத்தையும் தோற்றத்தையும் அப்படியே எடுத்தது மீறல் என்று 2012இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிக்சல் பாணியில் வரையலாம், வாளும் கேடயமும் வரையலாம். ஒரு கேமில் வரும் குறிப்பிட்ட வாளை அப்படியே வரைந்தால்தான் சிக்கல்.

படி 2: சமாதானங்களைக் கழற்றி வையுங்கள்

"நானே கையால் வரைந்தது." வரைந்த உழைப்பு உங்களுடையது, பாத்திரம் அவர்களுடையது. "முப்பது சதவீதம் மாற்றிவிட்டேன்." அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. "உரிமை அவர்களுக்கே என்று கீழே போட்டிருக்கிறேன்." அது தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு நீங்களே எழுதித் தந்த சாட்சி.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52இல் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது: சொந்த உபயோகம், ஆய்வு, விமர்சனம், செய்தி. விலைச்சீட்டு ஒட்டிய டீசர்ட்டை இவற்றில் எதிலும் நுழைக்க முடியாது. பிரிவு 63இன்படி, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஸ்டிக்கர் விற்ற கல்லூரி மாணவரைத் தேடி ஜப்பானிலிருந்து யாரும் வந்து இறங்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் "பிடிபடமாட்டேன்" என்பதை நம்பித் தொழில் நடத்தினால், அது வளரும் நாளே மாட்டும் நாளும் ஆகும்.

ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று வேடிக்கையானது. ரெட்பபிள் என்ற விற்பனைத் தளத்தில் ரசிகர்கள் ஏற்றிய பிக்காச்சு வடிவங்களுக்காகப் போக்கிமான் நிறுவனம் அந்தத் தளத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. 2017இல் நீதிமன்றம் விதித்த இழப்பீடு 1 டாலர். சிரிக்க வேண்டாம், வழக்குச் செலவில் 70 சதவீதத்தையும் ரெட்பபிள் தலையில் கட்டியது.

படி 3: பெயரையும் சின்னத்தையும் தொடாதீர்கள்

படத்தைவிடப் பெயர்தான் சீக்கிரம் மாட்டிவிடும், தேடினால் உடனே கிடைத்துவிடும் என்பதால். கடையின் பெயரில் கேமின் பெயரைச் சேர்ப்பதும், லோகோவின் எழுத்து வடிவத்தைப் போலச் செய்வதும் வேண்டவே வேண்டாம். டோக்கியோவில் கோ-கார்ட் வண்டிகளோடு மரியோ உடைகளையும் வாடகைக்கு விட்ட மாரிகார் நிறுவனத்தை நின்டெண்டோ விடவில்லை. 2018இல் 1 கோடி யென் என்றிருந்த இழப்பீடு, 2020 மேல்முறையீட்டில் 5 கோடி யென் ஆனது.

பொதுச் சொத்துபோலத் தோன்றும் பொறிகளும் உண்டு. முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம்: பிளேஸ்டேஷன் பொத்தான்களின் இந்த வரிசை சோனியின் வணிகச் சின்னம்.

ஒரு பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்திய டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவு பொருள் வகை வாரியானது: உடைக்கு வகுப்பு 25, ஸ்டிக்கர், போஸ்டருக்கு 16, மக்குக்கு 21, பொம்மைக்கு 28. உங்கள் வகுப்பில் பதிவு இல்லை என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நாடறிந்த சின்னத்துக்கு வேறு வகைப் பொருள்களிலும் பாதுகாப்பு உண்டு என்கிறது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் பிரிவு 29.

படி 4: அனுமதியைப் பார்த்துக் கேமைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானோர் பிடித்த கேமை முதலில் எடுத்து, வரைந்து, அச்சடித்து, பிறகு சட்டத்தைத் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ரசிகர் பொருள்களை எழுத்திலேயே அனுமதிக்கும் கேம்கள் இருக்கின்றன. ஸ்டார்டியூ வேலி, அண்டர்டேல் போன்றவற்றின் உரிமையாளர்கள் சிறிய அளவிலான விற்பனைக்கு நிபந்தனையோடு இடம் தருகிறார்கள். கென்ஷின் இம்பாக்டை நடத்தும் ஹோயோவர்ஸும் இதற்கெனத் தனி விதிமுறை வைத்திருக்கிறது. நின்டெண்டோ, போக்கிமான் பக்கம் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்காதீர்கள். புதிதாகத் தொடங்குபவர் அங்கே போகவே வேண்டாம் என்பது என் முடிவு.

விதிமுறையில் பார்க்க வேண்டியவை: எத்தனை எண்ணிக்கை வரை, கையால் செய்ததா, அச்சுக்கூடத்தில் மொத்தமாக அடித்ததா, கேமுக்குள் இருக்கும் படத்தை எடுக்கலாமா, நீங்கள் புதிதாக வரைந்தது மட்டும்தானா, முன்பணம் திரட்டலாமா, உங்கள் நாட்டுக்குப் பொருந்துமா. பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். நிறுவனம் நினைத்தால் விதி நாளையே மாறும்.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது. 0 ஏ.டி. என்ற திறமூல உத்திக் கேமின் ஓவியங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தவை. படைத்தவர்களைக் குறிப்பிட்டு, உங்கள் வடிவத்தையும் அதே உரிமத்தில் வெளியிட்டால் விற்பனைக்கும் தடையில்லை.

படி 5: எழுதிக் கேளுங்கள்

விதிமுறை எதுவும் இல்லாத சிறு ஸ்டுடியோவுக்கு மின்னஞ்சல் போடலாம். என்ன பொருள், எத்தனை, என்ன விலை, எங்கே விற்பீர்கள் என்று நாலே வரி, கூடவே மாதிரிப் படம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஸ்டுடியோக்கள் மகிழ்ச்சியோடு சம்மதிப்பதும் உண்டு. பதில் வரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றே பொருள். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சோடு சரி.

படி 6: சரக்கும் கடையும்

லோகோ போட்ட எனாமல் பின்களைச் சீனாவிலிருந்து மலிவாக இறக்கி விற்பது ரசிகர் படைப்பே அல்ல, போலிச் சரக்கு வியாபாரம். 2007ஆம் ஆண்டின் இறக்குமதி விதிகளின்படி சுங்கத்துறை அதை நிறுத்தி வைக்கலாம். 2024இல் சென்னைக்கு வந்த காமிக் கான் போன்ற விழாவில் ஸ்டால் எடுத்தால், அனுமதிக் கடிதத்தின் நகல் மேசையிலேயே இருக்கட்டும். கடைக்குச் சொந்தப் பெயர் வைத்து அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க, ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

படி 7: நோட்டீஸ் வந்தால்

விற்பனையை உடனே நிறுத்துங்கள். பெயரை மாற்றி மறுபடி ஏற்றாதீர்கள், கணக்கே முடங்கும். எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் என்று எழுதி வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். பதிப்புரிமைப் புகாரால் உங்கள் பொருளை நீக்கினால், அதற்கு எதிர் அறிவிப்பு அனுப்ப அமெரிக்கத் தளங்கள் வழி தரும். நீக்கியது தவறு என்று நம்புவதாக அதில் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதி சொல்ல வேண்டும், அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்தையும் ஏற்க வேண்டும். கையில் எழுத்துபூர்வ அனுமதி இருந்தால் மட்டும், அதுவும் வழக்கறிஞரைக் கேட்ட பிறகு, அந்தப் படிவத்தைத் தொடுங்கள்.