ஒன்றாம் வகுப்புச் சுவரில் எந்தப் படத்தை மாட்டலாம்?

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்தில் திருத்தணிப் பக்கத்துப் பள்ளிகளில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் நிறைய வரும். பெரியவர்களுக்கு அது வேண்டுதல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தட்டிப் பார்க்க ஒரு தலை. முதல் தட்டுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள், மொட்டை போட்ட குழந்தையும் சேர்த்து. போகிறவர் வருகிறவர் எல்லாம் தட்ட ஆரம்பித்ததும் அது அழுகிறது. மறுநாள் காலையில் வயிறு வலிக்கிறது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறது. பேச்சிலும் இதே கதைதான். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தில் இருந்த ஊர் இது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் இன்றைக்கும் உண்டு. அவர்கள் பேசுவதைப் போலவே பேசிக்காட்டிச் சிரிப்பது, "உன்னை ஆட்டத்துக்குச் சேர்த்துக்க மாட்டோம்" என்று ஒதுக்குவது, கூட்டமாகச் சேர்ந்து ஒருத்தியிடம் மட்டும் காய் விடுவது எல்லாம் ஐந்து வயதிலேயே ஆரம்பித்துவிடுகின்றன.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேச ஒரு படம் கைகொடுக்கும். கடையில் அச்சடித்த சார்ட் வாங்கலாம், ஃபிளெக்ஸ் அடித்து மாட்டலாம், ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்தே வரையலாம். ஆனால் எதில் வரைவது என்பதற்கு முன்னால், எதை வரைவது என்று முடிவு செய்ய வேண்டும்.

கடைப் படங்களில் அதிகம் பார்ப்பது அடிக்கும் காட்சி. ஒரு பையன் இன்னொருவனைத் தள்ளுகிறான், மேலே சிவப்பில் பெருக்கல் குறி. பெரியவர்களுக்கு இது 'செய்யாதே' என்று படிகிறது. சின்னக் குழந்தையின் கண்ணில் முதலில் விழுவது தள்ளுவதுதான். அமெரிக்காவில் ஜேமி ஆஸ்ட்ரோவும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த மழலையரிடம், மற்றவரை ஒதுக்கி நோகடிக்கும் பழக்கம் கூடியிருந்தது. கதையில் சண்டை நீளமாக வருகிறது, சமாதானம் கடைசியில் கொஞ்ச நேரம் வருகிறது. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க அந்த வயதுக்கு முடிவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒரே ஒரு காட்சி கொண்ட படத்தில் சமாதானத்துக்கு இடமே இல்லை. அதனால் அடிக்கும் படத்தை எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வகுப்பில் மாட்டவே வேண்டாம் என்பேன்.

அதே படங்களில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. வம்பு செய்கிறவன் பெரும்பாலும் கறுப்பாக, குண்டாக, தலை கலைந்து இருப்பான். அடி வாங்குகிறவன் சிவப்பாக, சுத்தமாக இருப்பான். இதை ஒரு வருடம் சுவரில் பார்க்கிற பிள்ளைகள் வகுப்பில் கறுப்பாக இருக்கும் பையனைத்தான் கைகாட்டுவார்கள். கொடுமையைத் தடுக்க மாட்டிய படமே புதுக் கேலிக்கு வழி செய்துவிடும்.

பிறகு எதை வரைவது? பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தையை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியின் குழு உருவாக்கி, 2009 முதல் நாடு முழுவதும் பரவிய 'கீவா' என்ற பள்ளிக் கொடுமைத் தடுப்புத் திட்டத்தின் அடிப்படையே அதுதான். சீண்டுகிறவனுக்குப் பார்வையாளர்கள் வேண்டும். சிரிக்க ஆளில்லை என்றால் சீண்டலின் சுவை போய்விடும். வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் பார்வையாளர்கள்தான், அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரிவதில்லை.

திருத்தணிக்கு நான் தேர்ந்தெடுப்பது நான்கு கட்டப் படம். முதல் கட்டத்தில் சந்தன மொட்டையோடு ஒரு சிறுமி வகுப்பு வாசலில் நிற்கிறாள். இரண்டாவதில் அவள் தலையை நோக்கி ஒரு கை நீள்கிறது, அவள் முகம் சுருங்குகிறது. கைக்குச் சொந்தக்காரரின் முகம் படத்தில் வேண்டாம். அது யார் கையாகவும் இருக்கலாம். மூன்றாவதில் ஒரு பையன் அவள் பக்கத்தில் வந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். நான்காவதில் இருவரும் டீச்சரிடம் போகிறார்கள். எழுத்தே வேண்டாம், பாதிப் பேர் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். வாரம் ஒருமுறை இதைப் பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கையை நீட்டி "வேணாம்" என்று சொல்லப் பழக்கும்போது தெலுங்கில் "வத்து" என்றும் எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்குத் தன் பேச்சு வகுப்பின் பேச்சாகும்.

இன்னொரு படத்துக்கு இடமிருந்தால், சாதி ஒதுக்கலை மனதில் வைத்து, காலை உணவு வரிசையில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் காட்சியை வரையலாம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட்டில் ஒரு தலித் மாணவரைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு கட்டும் வயது பிறகு வரும். யார் பக்கத்தில் உட்காரலாம், யாரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் அதற்கு வெகு முன்னாலேயே வீட்டில் கேட்டுவிடுகிறார்கள்.

பொருளைப் பொறுத்தவரை ஃபிளெக்ஸ் மழைக்குத் தாங்கும், பள்ளி வாசலுக்கு அது சரி. வகுப்புக்குள் அதன் பளபளப்பில் சன்னல் வெளிச்சம் பட்டுப் பின்வரிசைக்குப் படமே தெரியாது. அச்சு சார்ட் மலிவு, ஆனால் நம் பிள்ளைகளின் முகமும் ஊரும் அதில் இராது. கையால் வரைந்த சார்ட் கிழியும், மங்கும், ஈரச் சுவரில் பூசணம் பிடிக்கும். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். அடுத்த பருவத்தில் புதிதாக வரையலாம், அப்போது வேறொரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு வரைய வராவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முந்தின வருடம் தட்டிய கைகளும் அதில் இருக்கும்.

எத்தனை படம் என்று கேட்டால், ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. அதற்கான படங்களும் அட்டைகளும் ஏற்கெனவே வகுப்பில் நிறைய உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷர் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 24 மழலையருக்கு வெறும் சுவர் உள்ள அறையிலும் படங்கள் நிறைந்த அறையிலும் மாறி மாறிப் பாடம் நடத்தினார்கள். வெறும் சுவர் அறையில் 55 சதவீத விடைகள் சரியாக வந்தன, மற்றதில் 42 சதவீதம். பழசைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது நல்லது. உயரமும் முக்கியம். செயல்வழிக் கற்றல் காலத்தில் பிள்ளைகள் எழுதுவதற்காகச் சுவரின் கீழ்ப்பகுதியில் அமைத்த கரும்பலகைகள் பல பள்ளிகளில் உண்டு. அதற்குச் சற்று மேலே மாட்டினால் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கும், விரலால் தொட்டும் காட்டலாம்.

14417, 1098 என்ற உதவி எண்களைப் பலர் குழந்தைகளின் படத்திலேயே போட்டுவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை தானாக எந்தப் போனை எடுத்துப் பேசும்? அந்த எண்கள் பெற்றோர் நிற்கும் வாசலில் பெரிதாக இருக்கட்டும். வகுப்புப் படத்தின் கீழே எண்ணுக்குப் பதில் முகங்கள் வேண்டும். வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், காலை உணவு சமைக்கும் அக்கா, யாரிடம் போய்ச் சொல்லலாமோ அவர்களின் போட்டோக்கள்.

படத்தை மாட்டுவதற்கு முன் அந்த முகங்களுக்கு உரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை வந்து சொன்னால் முதலில் என்ன சொல்வது? "நீ என்ன பண்ணின?" என்றோ, "போ, போய் உட்காரு" என்றோ ஒரு தடவை சொன்னால் போதும், அந்தக் குழந்தை அப்புறம் வராது. "சொன்னது நல்லது, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே தட்டியவரையும் தனியாகக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் நிறுத்தாமல் பேச வேண்டும். பிரம்பு மேஜை மேல் இருக்கும் வகுப்பில் இந்தப் படம் எடுபடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் ஏற்கெனவே தடை செய்திருக்கிறது. போட்டோவில் உள்ள ஒருவர் இடமாறுதலில் போனால், புதிதாக வருகிறவரின் போட்டோவை அந்த வாரமே ஒட்டி, "இனிமே இவங்ககிட்டயும் சொல்லலாம்" என்று அவரைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்திச் சொல்லிவிடுங்கள்.